சம்பந்திய உதைச்ச கதை

நீலசந்திராவுல பஸ் நிக்கற எடத்துலருந்து உள்ள வந்தா, ரெண்டு பக்கமும் பைக்குங்க சாஞ்சு நிக்கற ஒரு சந்து. அதுல நீலக் கதவு போட்ட வீடு ஆஞ்சலா வீடு. முன் ரூம்ல ஒரு தொட்டில் ஆடுது. பழைய வாயில் பொடவையில கட்டின தொட்டில். உள்ள இருக்கற பாப்பா தூங்கற நேரம் கம்மி, ஒதைக்கற நேரம் ஜாஸ்தி. பொடவைக்குள்ளருந்து குட்டிக் குதிகால் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு முட்டிக்கிட்டு வரும்.

"ஃப்ரண்ட் கிக்"ம்பா ஆஞ்சலா.

"இல்ல சம்பந்தி. நல்லாப் பாருங்க, சைட் கிக்"ம்பாங்க பக்கத்துச் சேர்ல இருக்கற வேதநாயகியம்மா.

ஆஞ்சலா பொண்ணப் பெத்தவ. வேதநாயகியம்மா மாப்பிள்ளையப் பெத்தவங்க. சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து கராத்தே பேசறதப் பாத்தா புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணும் புரியாது. பாப்பாவோட அம்மா பிரிஸில்லா உள் ரூம்லருந்து, "ரெண்டு மாஸ்டருங்களும் மெதுவாப் பேசுங்க, இப்பதான் கண்ண மூடினா"ன்னு கொரல் குடுப்பா. ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டு சிரிப்பாங்க.

போன வருஷம் இதே மாசத்துல, இந்தத் தொட்டில் இங்க வர்றதாவே இல்ல.

தொட்டில் தொங்கற கொக்கி கிளெமென்ட் போட்டது. கிளெமென்ட் ஆஞ்சலாவோட வீட்டுக்காரர், பெயிண்ட் வேலை செஞ்சவர். பிரிஸில்லா வயித்துல இருக்கான்னு தெரிஞ்ச உடனே எங்கருந்தோ ஒரு பெரிய இரும்புக் கொக்கிய வாங்கிட்டு வந்து, ஸ்டூல் மேல ஏறி உத்தரத்துல அடிச்சார். "இவ்ளோ பெருசு எதுக்கு, மாடு கட்டவா?"ன்னு கேட்டா ஆஞ்சலா. அவர் கொக்கியப் புடிச்சுக்கிட்டு ரெண்டு காலயும் மடக்கித் தொங்கினார். கிரீச்சுன்னு ஒரு சத்தம் வந்துச்சு, ஆனா தாங்குச்சு. "உன் பேரப்புள்ளயும் இதுலதான் ஆடும், பாத்துக்க"ன்னார். பொண்ணே அப்ப பொறக்கல, பேரப்புள்ள வரைக்கும் போயிட்டார் மனுஷன்.

கிளெமென்ட் செத்துப் போயி பல வருஷமாச்சு. கொக்கி மட்டும் காலியாவே இருந்துச்சு. பூந்தொட்டி மாட்டலாமேன்னாங்க, லைட்டு தொங்க விடலாமேன்னாங்க. ஆஞ்சலா தூசி தட்டறதோட சரி. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே. பிரிஸில்லா வருவா, ஆஸ்பத்திரிலருந்து கொழந்த நேரா இந்த வீட்டுக்கு வரும், அந்தக் கொக்கில ஆடும். அவ வேண்டிக்கிட்டதெல்லாம் இது ஒண்ணுதான்.

பிரிஸில்லா முழுகாம இருக்கான்னு சேதி வந்து, எல்லாம் நல்லாப் போயிக்கிட்டிருக்கறப்பதான் அது நடந்துச்சு.

விடிகால பூசைக்கு ஆஞ்சலா எப்பவும் தனியாத்தான் நடந்து போவா. கார்மெண்ட்ஸ்ல காலர் செக்கிங்ல இருந்த காலத்துலருந்தே பழக்கம். அப்பல்லாம் பூசை கண்டுட்டு அப்படியே ஷிஃப்டுக்குப் போயிடுவா. அன்னிக்கு வழியில ஒருத்தன் பைக்க நிறுத்தி, "அக்கா, ஈ அட்ரஸ் எல்லி?"ன்னு கன்னடத்துல கேட்டான். பாவம், வழி தெரியாத புள்ளன்னு கிட்டப் போனா. போறப்ப அவ கால் அவன் ஷூ மேல பட்டுடுச்சு.

யார் மேலயாவது கால் பட்டா, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். நெனச்சுப் பாத்து செய்யற காரியமா அது? கை தானாப் போகும். ஆஞ்சலா கையும் போச்சு. தலையக் குனிஞ்சா. அவ்ளோதான். கிளெமென்ட் வாங்கிக் குடுத்த சிலுவை டாலர் சங்கிலி அவன் கைக்குப் போயிடுச்சு. பைக்கும் போயிடுச்சு. ஆஞ்சலா ரோட்டுல குந்தி ஒக்காந்திருந்தா. கண்ணுல ஒத்திக்கப் போன வெரலு கண்ணுக்கிட்டயே நின்னுடுச்சு. வாயிலருந்து சத்தமே வரல.

சங்கிலி போன கதைய எல்லார்கிட்டயும் சொன்னா. குனிஞ்ச கதைய யார்கிட்டயும் சொல்லல. திருடன்கிட்ட மன்னிப்புக் கேட்டவன்னு சொல்லிச் சிரிப்பாங்களே.

அதுக்கப்புறம் விடிகால பூசை நின்னுச்சு. பால் வாங்கக்கூட பக்கத்து வீட்டுக்காரங்க போறப்பதான் கூடப் போவா. பைக் சத்தம் கேட்டா செவத்தோட ஒட்டிக்குவா.

ஒக்கலிபுரத்துலருந்து வேதநாயகியம்மா பாக்க வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் ரயில்வேல இருந்தவர். அந்தம்மா ஆளு உயரம், பேச்சும் நேருக்கு நேர். ஹார்லிக்ஸ் பாட்டில மேசை மேல வெச்சாங்க. காப்பி குடிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. நீங்க தனி ஆளு. வாசல் தாண்டவே பயப்படறீங்க. நடுராத்திரியில வலி வந்தா ஓடிப் போயி ஆட்டோ புடிக்கற நெலமையில நீங்க இருக்கீங்களா? பிரிஸில்லா எங்க வீட்டுலயே இருக்கட்டும். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க."

ஆஞ்சலா தலைக்கு மேல இருந்த கொக்கியப் பாத்தா. பையனப் பெத்தவங்ககிட்ட எதுத்துப் பேச முடியுமா? "சரிங்க சம்பந்தியம்மா"ன்னா. அவங்க சொன்னதுல பொய்யும் இல்லயே. அதான் ரொம்ப வலிச்சுச்சு.

அந்த ஞாயித்துக்கெழம கோயில்ல ஃபாதர் அறிவிப்பு வாசிச்சார். சனிக்கெழம சாயந்தரம் கோயில் ஹால்ல பொம்பளைங்களுக்கு தற்காப்புப் பயிற்சி, கராத்தே, புதுசா கத்துக்கறவங்களுக்கு, வயசு வித்தியாசமில்ல. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. ஆஞ்சலா சிரிக்கல.

சனிக்கெழம போயி நின்னா. சுடிதார் அவளுது இல்ல, பிரிஸில்லா விட்டுட்டுப் போனது. இடுப்புல கொஞ்சம் புடிச்சுச்சு. ஹாலு அப்படியே இருந்துச்சு. ஆஞ்சலா கல்யாணத்துக்கு ரிசப்ஷன் வெச்ச ஹாலு அது. அந்த மேடையிலதான் கிளெமென்ட் கோட்டு போட்டுக்கிட்டு வேர்த்து வழிய நின்னாரு. இப்ப அதே மேடை மேல சேருங்கள அடுக்கி வெச்சிருந்தாங்க.

சொல்லிக் குடுக்க வந்தது ஃபாத்திமா. சின்னப் பொண்ணு, பிரிஸில்லா வயசுகூட இருக்காது. தலையில ஸ்கார்ஃப், இடுப்புல கறுப்பு பெல்ட். "மொதல்ல வாசல்ல நின்னு மரியாத"ன்னு சொல்லி, குனிஞ்சு வணக்கம் வெச்சுக் காட்டினா. வந்திருந்த பொம்பளைங்க அத்தன பேரும் வாசல்ல ஒரு முட்டி போட்டு, நெத்தியிலயும் நெஞ்சுலயும் சிலுவ போட்டுக்கிட்டு உள்ள வந்தாங்க. ஃபாத்திமா பாத்துக்கிட்டே நின்னா. "சலேகா. அதுவும் ஓகே"ன்னா.

"ஆன்ட்டிங்களா, மொதப் பாடம் என்னன்னா, ஓடறது. ரெண்டாவது பாடம், கத்தறது. சங்கிலி கேட்டா குடுத்துட்டு ஓடுங்க, சங்கிலி வாங்கிக்கலாம். ஓட முடியாம கையப் புடிச்சுட்டான்னாதான் மூணாவது பாடம்." மூணாவது பாடத்துக்கு கால அகட்டி நிக்கணும், ஒரு கால் முன்ன, ஒரு கால் பின்ன. ரெண்டு கையும் மூஞ்சிக்கு முன்னாடி. அதுக்குப் பேரு கார்ட். எது நடந்தாலும் கார்ட் எறங்கக் கூடாது.

அப்புறம் உதை. ஃபாத்திமா தலகாணி மாதிரி ஒரு பேட நெஞ்சோட புடிச்சுக்கிட்டு, "ஒந்து, எரடு, மூரு"ன்னு எண்ணினா. ஆஞ்சலா உதைச்சா. கால் பட்ட அடுத்த நிமிஷம் கார்ட எறக்கிட்டு, ஃபாத்திமா தோளத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

"ஆன்ட்டி, அது நக்கோ. வேணாம்."

"சரிம்மா."

உதைச்சா. ஒத்திக்கிட்டா.

"ஆன்ட்டி, நான் உதைக்கச் சொல்லிக் குடுக்கறேன். நீங்க ஒவ்வொரு உதைக்கும் ஆசீர்வாதம் வாங்கறீங்க."

ஹாலே சிரிச்சுச்சு. ஆனா ஆஞ்சலா மட்டுமில்ல, பாதிப் பேரு அதத்தான் செஞ்சாங்க. விஜின்னு ஒருத்தி, பூக்கட வெச்சிருக்கறவ, பேடயே தொட்டு ஒத்திக்கிட்டா. வாரத்துக்கு வாரம் மத்தவங்களுக்கு அந்தப் பழக்கம் போச்சு. ஆஞ்சலாவுக்குப் போகல.

அவளுக்கே ஆச்சரியம். அவ இப்படிப் பொறந்தவ இல்ல. சின்ன வயசுல தெருக்கொழாயில தண்ணி வர்றப்ப, ஆஞ்சலா கொடத்தோட வந்தா வரிச வழி விடும். வழி விடலன்னா முழங்கையால வழி பண்ணிக்குவா. அவ "ஏய்"ன்னு ஒரு சத்தம் போட்டா ஆட்டோ ஸ்டாண்டுல டீ குடிக்கறவன் கைய நிறுத்துவான். கிளெமென்ட் அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் திரும்பிப் பாத்தாராம். "மொதல்ல கொரலு, அப்புறம்தான் மொகத்தப் பாத்தேன்"னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கொரலு எங்க போச்சு? கார்மெண்ட்ஸ்ல சூப்பர்வைசர்கிட்ட சாரி சார், சாரி சார்னு சொல்லிச் சொல்லி அப்படியே உள்ள போயிடுச்சு போல. அங்க தலையக் குனிஞ்சாதான் வேல நிக்கும்.

அம்மா கராத்தே போறாங்கன்னு பிரிஸில்லா மாமியார் வீட்டுல சொல்லிட்டா. அடுத்த சனிக்கெழம ஹால் வாசல்ல ஹேண்ட்பேக்கோட வேதநாயகியம்மா.

"சம்பந்தி, என்னமோ சொன்னாளே உங்க பொண்ணு. நெஜமாவா?"

"சும்மா ஒடம்புக்கு எக்சர்சைஸ் மாதிரிங்க."

"ம். பாத்துட்டுப் போறேன்."

சேரப் போட்டு ஒக்காந்தாங்க. ஜோடி சேர்ந்து பழகற நேரத்துல ஆஞ்சலாவுக்கு ஜோடி இல்ல. ஃபாத்திமா கண்ணு நேரா சேருக்குப் போச்சு. "உயரமான ஆன்ட்டி, பேக வெச்சுட்டு வாங்க."

"நான் பாக்க வந்தவம்மா."

"பாக்கறது ஃப்ரீ. ஆனா சேரு எங்களது."

வேதநாயகியம்மா பாவம், எழுந்து வந்தாங்க. அவங்க கையில பேட குடுத்தா ஃபாத்திமா. ஆஞ்சலாவுக்கு வேர்த்துடுச்சு. பொண்ணு கல்யாணத்துல இவங்களுக்கு எல போட்டப்பகூட எதயாவது கொறையா வெச்சிடுவமோன்னு பயந்தவ. இப்ப உதைக்கணுமாம்.

கால கொஞ்சமா தூக்கினா. பேட்ல ஈ ஒக்காந்த மாதிரி பட்டுச்சு. உடனே குனிஞ்சு ஒத்திக்கிட்டா.

"நீங்க ரெண்டு பேரும் என்ன ஒறவு?"ன்னா ஃபாத்திமா.

"சம்பந்தி"ன்னாங்க வேதநாயகியம்மா.

"ஓ, எங்க பாஷையில சம்தன். இப்பப் புரியுது." ஃபாத்திமா தலைய ஆட்டிக்கிட்டா. "சரி, மாத்திப் புடிங்க."

மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கெடையாது. வேதநாயகியம்மா பொடவைய இடுப்புல சொருகிக்கிட்டு விட்ட உதையில, ஆஞ்சலா பேடோட பின்னால போயி விஜி மேல மோதினா. வேதநாயகியம்மா தன் கால ஒரு தடவ பாத்துக்கிட்டாங்க, யாரோ குடுத்த புதுச் சாமானப் பாக்கற மாதிரி. அடுத்த சனிக்கெழமயும் வந்தாங்க. அதுக்கடுத்த சனிக்கெழமயும். இப்ப சுடிதார்ல வந்தாங்க. "மருமக சேதி சொல்ல வந்தேன்"ம்பாங்க. சேதி ரெண்டு வார்த்த. மீதி நேரமெல்லாம் உதை.

கிளாஸ் முடிஞ்சு ஹால் படியில ஒக்காந்து ரெண்டு பேரும் தண்ணி குடிப்பாங்க. விஜி மீந்த மல்லிப்பூவ கிள்ளி ஆளுக்குக் குடுப்பா. உள்ள கொயர் புள்ளைங்க பாட்டு பழக ஆரம்பிக்கும். அந்த நேரம் இப்பவும் ஆஞ்சலா மனசுல அப்படியே இருக்கு. ஆனா கொக்கியப் பத்திப் பேச அப்பவும் வாய் வரல. பிரிஸில்லாவுக்கு மாசம் நெருங்கிக்கிட்டே இருந்துச்சு. வேதநாயகியம்மா அவங்க வீட்டுல ரூம் ரெடி பண்ணிட்டாங்கன்னும் தெரிஞ்சுச்சு.

கடைசி கிளாஸ் வந்துச்சு. கத்துக்கிட்டத ஆளாளுக்கு செஞ்சு காட்டணும். ஒருத்தர் திருடன், ஒருத்தர் ரோட்டுல போறவங்க. வேதநாயகியம்மாதான் திருடன். கண்ணாடியக் கழட்டி பையில வெச்சுட்டு, பைக்குல வர்ற மாதிரியே வந்தாங்க. ஆஞ்சலா சொன்ன சங்கிலிக் கதையிலருந்து புடிச்ச யோசனை போல.

"அக்கா, ஈ அட்ரஸ் எல்லி?"ன்னாங்க.

ஆஞ்சலாவுக்கு ஒடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. ஒரு அடி முன்ன வெச்சா. கால் அவங்க கால் மேல பட்டுச்சு. கை தானாக் கீழ போச்சு, தலை குனிஞ்சுச்சு. வேதநாயகியம்மா லபக்குன்னு மணிக்கட்டப் புடிச்சுட்டாங்க.

ஆஞ்சலா அப்படியே நின்னா. கண்ணுலருந்து தண்ணி ஊத்துது.

"சம்பந்தி? என்னாச்சு? வலிக்குதா?"

"இப்படித்தாங்க ஆச்சு."

"எது?"

"அன்னிக்கு. அவன் ஷூ மேல என் கால் பட்டுச்சு. நான் தொட்டுக் கும்பிடக் குனிஞ்சேன். அப்பதான் அறுத்தான். அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தேங்க."

சிரிப்பாங்கன்னு நெனச்சா. ஒருத்தரும் சிரிக்கல. விஜி தன் கையயே பாத்துக்கிட்டிருந்தா.

வேதநாயகியம்மா கைய விட்டாங்க. அப்புறம், "நானும் குனிஞ்சிருப்பேன் சம்பந்தி. யாரா இருந்தாலும் குனிஞ்சிருப்போம்"னாங்க. சுடிதார் கைய மடிச்சு விட்டுக்கிட்டாங்க. "இன்னொரு தடவ. இந்தத் தடவ நான் சம்பந்தி இல்ல. அந்த நாயி."

"எப்படிங்க..."

"நான் வந்துட்டேன். அக்கா, ஈ அட்ரஸ் எல்லி?"

இந்தத் தடவ வேணும்னே தன் கால ஆஞ்சலா காலுக்கடியில நீட்டி மிதிக்க வெச்சாங்க. ஆஞ்சலா கை கீழ போச்சு. பாதி வழியில நின்னுச்சு. வேதநாயகியம்மா மணிக்கட்டப் புடிச்சாங்க, இழுத்தாங்க, நெஜமாவே இழுத்தாங்க.

அப்ப வந்துச்சு அந்தச் சத்தம்.

"ஏய்."

கொழாயடி சத்தம். கொயருக்கு வந்த புள்ளைங்க வாசல்ல அப்படியே நின்னுடுச்சுங்க. ஆஞ்சலா கைய கட்ட வெரல் பக்கமாத் திருகி உருவினா, ஃபாத்திமா சொல்லிக் குடுத்த மாதிரியே. இன்னொரு உள்ளங்கையால தோள்ல ஒரு தள்ளு. அவங்க தடுமாறினப்ப தொடையில ஒரு உதை. வேதநாயகியம்மா, மாப்பிள்ளயோட அம்மா, பொத்துன்னு தரையில ஒக்காந்தாங்க.

ஃபாத்திமாவே வாயத் தொறந்துக்கிட்டு நின்னா.

ஆஞ்சலாவுக்கு உசுரு போச்சு. சம்பந்திய உதைச்சுட்டோம். பொண்ணு அந்த வீட்டுல வாழணுமே. "ஐயோ, சம்பந்தியம்மா"ன்னு குனிஞ்சு காலத் தொடப் போனா.

"கைய எடுங்க"ன்னாங்க கீழருந்து வேதநாயகியம்மா. மூச்சு வாங்குது. "தொட்டீங்கன்னா பிரிஸில்லாவ அனுப்ப மாட்டேன்."

ஆஞ்சலா கை அந்தரத்துல நின்னுச்சு. அவங்க என்ன சொன்னாங்கன்னு புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் புடிச்சுச்சு. புரிஞ்சதும் கைய மெதுவா எடுத்து மூஞ்சிக்கு முன்னாடி வெச்சா. கார்ட்.

"அப்படி"ன்னாங்க வேதநாயகியம்மா. "இப்ப என்னத் தூக்கி விடுங்க. இந்தத் தொட இனிமே ஒரு வாரத்துக்கு மடங்காது."

படியில ஒக்காந்து தண்ணி குடிக்கறப்ப அவங்களே பேச்ச எடுத்தாங்க. "திங்கக்கெழம நல்ல நாளான்னு உங்க ஃபாதர்கிட்ட கேக்கணுமா, இல்ல அழைச்சுக்கிட்டு வந்துடவா?"

"வந்துடுங்க"ன்னா ஆஞ்சலா.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. விடிகால பூசைக்குப் போறீங்களா?"

"நாளைக்குப் போறேன்."

"தனியா?"

"தனியா."

போனா. பயம் இல்லாம போகல. பைக் சத்தம் கேட்டப்ப நெஞ்சு அடிச்சுக்கிச்சு. ஆனா செவத்தோட ஒட்டல. வழி கேட்டா தள்ளி நின்னு சொல்லலாம்னு, நடு ரோட்டப் பாத்து நடந்தா. கிளெமென்ட் பழைய சைக்கிள்ல அவள ஷிஃப்டுக்குக் கொண்டு போயி விட்ட அதே ரோடு.

ஃபாத்திமா இப்ப கல்யாணம் ஆகி ஓசூர் பக்கம் போயிட்டா. கிளாஸ் நின்னுடுச்சு. ஹாலுக்கு வேற கலர் அடிச்சுட்டாங்க. விஜி பூக்கடையத் தாண்டறப்ப மட்டும் ரெண்டு பேரும் கார்ட் வெச்சுக்குவாங்க, பாக்கறவங்க பைத்தியம்னு நெனச்சாலும்.

சனிக்கெழமன்னா வேதநாயகியம்மாவுக்கு வீட்டுல இருப்பு கொள்ளாது. ஒக்கலிபுரத்துலருந்து பஸ் புடிச்சு வந்துடுவாங்க. இன்னிக்கும் வந்தவங்க, தொட்டிலுக்குள்ள கையவிட்டு பாப்பாவத் தூக்கினாங்க. மூஞ்சிகிட்ட கொண்டு வந்து, "யாரு எங்க கராத்தே ராணி"ன்னு கேட்டு முடிக்கல, குட்டிக் குதிகால் தாடையில படார்னு பட்டுச்சு. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துடுச்சு.

ஆஞ்சலா கை தானாக் கெளம்புச்சு. பேத்தி கால் சம்பந்தி மூஞ்சியில பட்டுடுச்சே. வேதநாயகியம்மா கண்ணாடிக்கு மேலருந்து ஒரு பார்வ பாத்தாங்க. ஆஞ்சலா கை பாதியில நின்னு, வழி மாறிப் போயி பாப்பாவோட உள்ளங்காலத் தடவிக் குடுத்துச்சு.

"என் தப்புதான். கார்ட எறக்கிட்டேன்"னாங்க வேதநாயகியம்மா.

பாப்பாவத் திரும்பத் தொட்டில்ல போட்டு ஆட்டி விட்டாங்க. மேல கொக்கி கிரீச்சு கிரீச்சுன்னுச்சு. "கொக்கிக்கு எண்ணெ விடுங்க சம்பந்தி, கொழந்த முழிச்சுக்கப் போவுது"ன்னாங்க.

"விடறேங்க"ன்னா ஆஞ்சலா. போன வாரமும் அதத்தான் சொன்னா. கிளெமென்ட் தொங்கினப்ப வந்ததும் அதே சத்தம்தான்.